உம்மைத்தொகை: பழைய காரின் முன்சஸ்பென்ஷன் செலவு குறித்து ஓர் இலக்கண ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பழைய காரின் முன்பக்க சஸ்பென்ஷன் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால், பத்துப் பேர் பதினோரு தொகை சொல்வார்கள். உதிரிபாக விலை ஏறிப்போச்சு என்பார் ஒருவர். ரோடு சரியில்லை என்பார் இன்னொருவர். மெக்கானிக்கே சரியில்லை என்பார் மைத்துனர். இம்மூவர் கூற்றையும் மறுத்து, அச்செலவின் மூலகாரணம் 'உம்' என்னும் இடைச்சொல்லே என்று நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 2008-இல் பிறந்த சிறிய கார், சென்னையில் ஓடுகிறது. நோய்க்குறி: இடதுபக்க முன்சக்கரத்தில் 'லொடலொட'. ஆய்வாளரே வண்டிக்கும் சொந்தக்காரர் என்பதால் நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி திருவள்ளுவர். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது 475-ஆம் குறளின் கருத்து. உரையாசிரியர்கள் இதைப் பகைவர் வலிமை பற்றிய உவமை என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். அதே அதிகாரத்தில் 478-ஆம் குறளோ, வரவு சிறிதானாலும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்கிறது. அச்சு முறிவதற்கும் செலவு பெருகுவதற்கும் இடையே இரண்டே குறள். பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கன்றி வேறு யாருக்கும் இந்த வரிசை தோன்றியிருக்காது.

அடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மாக்பெர்சன். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி, அதன் தலையை பாடியிலும் காலை லோயர் ஆர்மிலும் மாட்டினார். மேலே இருந்த கை தேவையற்றுப் போனது. 1950-இல் லண்டன் கார் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல், செஃபயர் வண்டிகளில் இந்த ஏற்பாடு இருந்தது. 1983-இல் மாருதி 800 அதை நம் தெருவுக்குக் கொண்டுவந்தது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்தத் தூணின் மேல்தான் நிற்கின்றன. உறுப்பு குறைந்தால் செலவு குறையும் என்பது கோட்பாடு. குறைந்தது, தயாரித்தவருக்கு.

3. ஆய்வுக்களம்

25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்று 1988-இல் வகுத்தது இந்தியன் ரோடு காங்கிரஸ். எங்கள் தெருவில் இருப்பதன் அகலம் ஒன்றரை அடி. உயரம் ஆண்டுதோறும் வளர்கிறது. ஒவ்வொரு முறை அதில் ஏறி இறங்கும்போதும் அடி முதலில் டயருக்கு, பிறகு ஷாக்குக்கு, மிச்சம் லோயர் ஆர்மின் புஷ்ஷுக்கு. இரும்பு வளையத்துக்குள் இருக்கும் அந்த ரப்பர் பதினைந்து வருடம் பொறுத்துவிட்டு வாய் திறந்ததுதான் 'லொடலொட'.

4. உம்மையின் எட்டு வகை, பட்டறைச் சான்றுகளுடன்

'உம்' எட்டுப் பொருளில் வரும் என்று தொல்காப்பியர் இடையியலில் வகுத்திருக்கிறார். எட்டும் ஒரே நாளில் எனக்குக் கிடைத்தன.

தெரிநிலை: மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்; இடமும் வலமும் ஆட்டினார். பிறகு குட்டிக் கடப்பாரையை லோயர் ஆர்முக்குள் விட்டு நெம்பினார். ரப்பர் பிளந்து கறுப்பு உதடு மாதிரி தொங்கியது. "பிரேக்கும் இல்ல, பேரிங்கும் இல்ல. புஷ்ஷு போச்சு சார்." புஷ் 180 ரூபாய், கூலி 400. இந்த 580 ரூபாயை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும்.

எச்சம்: "பால் ஜாயின்ட்லயும் பிளே இருக்கு சார்." சொன்ன ஒன்றைத் தழுவிச் சொல்லாத பலவற்றைக் குறிப்பால் உணர்த்துவது எச்ச உம்மை. அந்த பால் ஜாயின்ட் தனியாக வராது, ஆர்மோடுதான் வரும்.

எண்: "ஷாக்கும் மவுண்ட்டும் டை ராடு எண்டும் பாத்துரலாம்." ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. மறுக்க முடியவில்லை.

முற்று: "ரெண்டு பக்கமும் மாத்திரலாம் சார்." இங்கே ஓர் இடைக்குறிப்பு. 'லொடலொட' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. ஷாக் அப்சார்பரும் அப்படியே. ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி ஒரே மாதிரி நிற்காது. வேறுபாடு ஒன்றுதான்: இதைப் பிரிக்காமல் வாங்கினால் நம் பொருள் போகும்.

உயர்வு சிறப்பு: "நம்ம ரோட்டுக்குப் புது வண்டியும் தாங்காது சார்." இது ஆறுதலுக்காகச் சொல்லப்படுவது. கட்டணம் இல்லை.

ஐயம்: "இன்னிக்கும் முடியலாம், நாளைக்கும் ஆகலாம்."

எதிர்மறை: "சத்தம் முழுசா போகவும் வாய்ப்பு இருக்கு." வரவும் கூடும் என்றால் வராமலும் போகக் கூடும் என்பது இலக்கணம். ஆகவே போகாமலும் போகலாம்.

ஆக்கம்: மாலைக்குள் அந்த வண்டி எனக்குச் செல்லமும் ஆயிற்று, செலவும் ஆயிற்று.

5. தொகை

பேச்சில் விரிந்து வந்த உம்மைகள் சீட்டில் ஏறும்போது மறைந்துவிடுகின்றன. லோயர் ஆர்ம் ஜோடி 2,300. ஷாக் ஜோடி 3,300. மவுண்ட் 900. டை ராடு எண்டு 700. கூலி 2,200. வீல் அலைன்மென்ட் 400. எங்கும் ஓர் 'உம்' இல்லை. சொற்களுக்கிடையே 'உம்' மறைந்து நின்றால் அதை உம்மைத்தொகை என்கிறோம். தொகை 9,800 ரூபாய். இதில் 580 மட்டுமே புஷ்ஷால் வந்தது. மீதி 9,220 முழுக்க இலக்கணத்தால் வந்தது.

6. மறுப்பும் விளக்கமும்

அண்ணனிடம் இந்த ஆய்வு முடிவைப் பணிவுடன் முன்வைத்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கழட்டுற கூலி ஒண்ணுதான் சார். இன்னிக்குப் புஷ்ஷு மட்டும் போட்டா, அடுத்த மாசம் ஷாக்குக்கு மறுபடி கழட்டணும். டை ராடு எண்டுல கை வச்சா அலைன்மென்ட் பாக்காம விட முடியாது. விட்டா டயர் ஒரு பக்கமா தேயும். அப்புறம் டயரும் வாங்கணும்."

அதாவது ஒவ்வொரு 'உம்'முக்கும் பின்னால் ஒரு நட்டு இருக்கிறது. மைத்துனரின் கோட்பாடு இங்கே விழுந்தது. என்னுடையதும் சற்று ஆட்டம் கண்டது.

7. முடிவுரை: ஒன்பதாம் உம்மை

வீட்டுக்கு வரும் வழியில் தெரு வேகத்தடையில் வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. அந்த அமைதியில் காலை உரையாடலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒரு தரவு விட்டுப்போயிருந்தது. அண்ணன் எதையும் முடிவாகச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு உம்மைக்குப் பிறகும் நிறுத்தி, "என்ன சார், மாத்திரலாமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நானோ பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி, கதை கேட்கும் குழந்தை போல ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

9,220 ரூபாயும் அந்த ஒன்பதாவது உம்மையால் வந்தது. தொல்காப்பியர் எட்டோடு நிறுத்திக்கொண்டதில் பிழை இல்லை. அவரிடம் கார் இல்லை.