பொய் மெய்யல்லவாம்!

கேள்வி: பைத்தானில் எழுதிய டெஸ்ட் ஊற்றிக்கொண்டது. காரணம் கேட்டால் ‘ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூ’ என்கிறது. இது என்ன வேதாந்தம்?

பதில்: ‘அசர்ட்ட்ரூ’வுக்குள் மொத்தம் == 500 என்று எழுதியிருப்பீர்கள். கணக்கு வெளியிலேயே முடிந்து, அதன் காதுக்கு எட்டுவது ஆம், இல்லை மட்டும்தான். பாவம், வேறென்ன சொல்லும்? ‘அசர்ட்ஈக்வல்’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள், ‘450 != 500’ என்று புட்டுவைக்கும். பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி இன்னும் கில்லாடி. வெறும் ‘அசர்ட்’ போதும். டெஸ்ட் கோப்பை ஏற்றும்போதே அந்த வரியை மாற்றி எழுதிக்கொண்டு, எதில் என்ன மதிப்பு இருந்தது என்று போட்டுக்கொடுத்துவிடும். நீளமான லிஸ்ட் என்றால் எத்தனையாவது இடத்தில் பிசகியது என்றும் சொல்லும். ரஸ்ட் மொழிக்காரர்கள் பாடு வேறு: ‘அசர்ட்_ஈக்யூ’ இரு மதிப்பையும் காட்டும், ஆனால் ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று. எதிர்பார்த்தது எது, வந்தது எது என்று நீங்களே பஞ்சாயத்து பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.