வெயிலுக்குக் கம்பளி

அந்தக் காலத்தில் கோடைக்கு ஊட்டி கிளம்பிய துரைமார் இடுப்பில் என்ன இருக்கும்? துப்பாக்கியா?

கம்பளி! வயிற்றில் குளிர் பட்டால் காலரா வரும் என்று நம்பி, சித்திரை வெயிலிலும் ஃபிளானல் பட்டையைச் சுற்றிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் ஏராளம். பெயரே 'காலரா பெல்ட்'. கிருமி குளத்துத் தண்ணீரில் இருக்கிறது என்று 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் கண்டு சொன்னார். அதற்குப் பிறகும் பட்டாளத்தில் பட்டை அவிழவில்லை.

தலையில் மட்டும் கம்பீரமான தொப்பி வைத்திருந்தார்களே!

உள்ளே இருந்தது நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் மாலையாகத் தொங்குமே, அதே சதுப்பு நிலச் செடி.

ரயில் ஏறி, படுக்கைச் சுருளான ஹோல்டாலை விரித்துப் படுத்தால் தூக்கம் வரும். வராவிட்டால்?

ஸ்டேஷனில் வீலர் புத்தகக் கடை இருந்ததே! 1888-ல் கிப்ளிங்கின் கதைகளை ஆறு சின்னப் புத்தகங்களாகப் போட்டு, ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்றார்கள். ரயிலில் போனவர்கள் அவரைப் படித்தார்கள். அவரோ உரிமையை விற்ற காசில் மறுவருஷமே கப்பல் ஏறி, ரங்கூன், ஜப்பான், அமெரிக்கா என்று சுற்றப் போய்விட்டார்.

நம்மவர் மூன்றாம் வகுப்பில் என்ன படித்தார்?

உட்கார இடம் கிடைத்தால் சொல்கிறேன்.