ஈஸ்ட் போடாத ரொட்டிக்காரர்

ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள ஸ்கூடாய், மாசாய், கூலாய் முதலிய ஊர்களின் தாமான்களில், அதாவது ஒரே அமைப்பிலான இணைப்பு வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்புகளில், வார இறுதிப் பிற்பகல்களில் மட்டும் வெளிப்படையாகக் காணக்கூடிய ஒரு மனித வகை உண்டு. நாற்பதைக் கடந்தவர், சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டுபவர், விடுமுறை நாளில் அரைக்கால் சட்டையைவிட்டு வேறு உடைக்கு மாறாதவர் என்னும் புற அடையாளங்கள் அவ்வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவானவை என்பதால், இவரைப் பிரித்தறிய அவை உதவா. ஈஸ்ட் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குள் சீஸ் ரொட்டி சுடத் தெரிந்திருப்பதும், அது தமக்குத் தெரியும் என்பதைத் தெரு முழுவதும் தெரிந்துகொள்ளும்வரை ஓயாதிருப்பதுமே இவரை இனங்காட்டும் இரண்டு இலக்கணங்களாகும். இவற்றுள் முதலாவது வாய்க்கப்பெறாமல் இரண்டாவது மட்டும் வாய்க்கப்பெற்றோரும் உளர் எனினும், அவர்கள் வேறு வகையினர்.

இவ்வகையினரின் தோற்றத்தை ஆராய்பவர் கடற்பாலத்திலிருந்து தொடங்குவதே முறை. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியையும் இணைப்பதும், 1924ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பட்டதும், ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமே உள்ளதுமான அப்பாலத்தைக் கடக்க, நெரிசல் மிகுந்த காலைகளில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும் என்பதால், இவர் விடியுமுன் நான்கு மணிக்கே எழுந்து, கடப்பிதழைப் பனியனுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் சூழ, புகையையும் மழையையும் ஒரு முனகலுமின்றித் தாங்கிக்கொண்டு நிற்கிறார். வாரத்தில் ஐந்து நாள் காலையிலும் மாலையிலும் இவ்வாறு நின்றவருக்குப் பொறுமை என்னும் குணம் வெள்ளிக்கிழமை இரவோடு தீர்ந்துபோகிறது என்பதே இவரைப் பற்றி அறியவேண்டிய முதல் உளவியல் உண்மை. பிசைந்த மாவு பொங்குவதற்காக இன்னொரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால், சுங்கச்சாவடி அதிகாரியிடம் காட்டாத கோபத்தை இவர் அந்த மாவின்மீது காட்டுகிறார்.

ஈஸ்ட் என்பது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடும் ஒருசெல் நுண்ணுயிர். அவ்வாயு மாவுக்குள் சிறைப்பட்டுப் பொங்குவதால்தான் கடை ரொட்டி மெத்தென்றிருக்கிறது. குளிர்நாடுகளில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். ஆண்டு முழுவதும் பகல்வெப்பம் 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் ஜொகூரிலோ ஈஸ்ட் தன் வேலையை மிக விரைவாகவே முடித்துவிடும் என்பதையும், ஆகவே இவருடைய அவசரத்துக்கு அறிவியல் அடிப்படை மிகக் குறைவு என்பதையும் நியாயமான ஆய்வாளர் பதிவுசெய்தே ஆகவேண்டும்.

ரொட்டிக்குப் பஞ்சமுள்ள ஊரில் இவர் தோன்றியிருந்தால் அதைத் தேவையின் விளைவு என்று கொள்ளலாம். ஆனால் ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் ஜாலான் தான் ஹியோக் நீ தெருவில் 1919 முதல் விறகடுப்பில் ரொட்டியும் வாழைப்பழக் கேக்கும் சுட்டுவரும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை இருக்கிறது; அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஜாலான் டோபியில் 1937இல் தொடங்கப்பட்ட சலாஹுதீன் ரொட்டிக்கடை இருக்கிறது. தாமானுக்குள்ளேயோ, மோட்டார் சைக்கிளின் பின்புறம் பெட்டி கட்டி, ஒலிப்பானை அழுத்திக்கொண்டு தெருத்தெருவாக வரும் ரொட்டி பாய் இருக்கிறார். இத்தொழிலில் தமிழ் முஸ்லிம்களே பெரிதும் ஈடுபட்டிருந்தமையால் அப்பெயர் நிலைத்தது. இத்தனை பேர் இருந்தும் இவர் சுடுகிறார் என்றால், ரொட்டி இவருக்கு உணவாக அன்றி ஓர் உரையாடலின் தொடக்கமாகவே தேவைப்படுகிறது என்றுதான் முடிவு கட்டவேண்டியுள்ளது. ரொட்டி பாயின் ஒலிப்பான் கேட்டதும் வாசலுக்கு விரைந்து, எதையும் வாங்காமல், "பாய், உங்க ரொட்டியில ஈஸ்ட் எவ்ளோ போடுறாங்க?" என்று இவர் விசாரிப்பதும், பாய் பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு வண்டியை நகர்த்துவதும் பல தெருக்களில் நிகழும் செயல்கள்.

இவ்வகையினர் பெருகிய காலம் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்ததே. 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கடற்பாலத்தின் அன்றாடப் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. அது 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான் முழுமையாக மீண்டது. அக்கரையிலேயே தங்கிவிட்டவர்கள் போக, இக்கரையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் வாழ்க்கையில் முதன்முறையாகத் தத்தம் சமையலறையைப் பகல் வெளிச்சத்தில் கண்டனர். வீடுதோறும் ரொட்டி சுடும் ஆர்வம் பரவிய அந்நாள்களில் கடை அலமாரிகளில் ஈஸ்ட் கிடைப்பது அரிதாகிவிட, கிடைத்த பேக்கிங் பவுடரைக் கொண்டு ஒப்பேற்றியவர்கள், ஈஸ்ட் திரும்பிவந்த பின்னும் அந்த இல்லாமையைக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

செய்முறை எளிது. 300 கிராம் கோதுமை மாவு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, 1 தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து, துருவிய சீஸ் 150 கிராமை அதில் புரட்டி, 1 முட்டை, 240 மில்லிலிட்டர் கெட்டி மோர், உருக்கிய வெண்ணெய் 60 கிராம் ஆகியவற்றை ஊற்றிக் கிளறி, 180 பாகை செல்சியஸ் சூட்டில் முக்கால் மணி நேரம் வேகவிட்டால் ரொட்டி ஆயிற்று. கறிவேப்பிலையும் சிலி பாடி என்னும் சின்னஞ்சிறு காரமிளகாயும் இவருடைய சொந்தச் சேர்க்கைகள். அவற்றை இரகசியம் என்பார், கேட்காமலே சொல்லுவார். சமையல் சோடா காரத்தன்மை உடையது, மோர் புளிப்பு உடையது; இரண்டும் சேர்ந்த கணமே கரியமில வாயு பிறக்கிறது. பேக்கிங் பவுடர் என்பதோ சோடாவையும் உலர்ந்த அமில உப்புகளையும் சோளமாவோடு சேர்த்த கலவை. அது ஈரம் பட்டதும் ஒருமுறையும் சூடு பட்டதும் மறுமுறையும் பொங்கும். ஈரமும் மாவும் சேர்ந்த பின் அதிகம் கிளறினால் குளூட்டன் என்னும் புரத இழைகள் முறுக்கேறி ரொட்டி ரப்பராகிவிடும் என்பதால் கட்டிகள் தெரியும்போதே கரண்டியை எடுத்துவிட வேண்டும் என்பதும், பிறந்த வாயு வெளியேறிவிடுமுன் தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட வேண்டும் என்பதும் இச்செய்முறையின் இரு பெரு விதிகள்.

முதல் விதியை இவர் உயிர்போலக் காக்கிறார். உதவிக்கு வரும் மகளின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குகிறார். இரண்டாம் விதிதான் இவரால் முடிவதில்லை. மாவில் மோர் விழுந்ததும் குமிழிகள் தோன்றும் காட்சியை எவரேனும் பார்க்கவேண்டும் என்பதால் பிள்ளைகளை அழைக்கிறார். அவர்கள் கைப்பேசியை வைத்துவிட்டு வருவதற்குள் குமிழி அடங்கிவிடுவதால், தனிக் கிண்ணத்தில் சோடாவைக் கொட்டி எலுமிச்சை பிழிந்து மறுபடியும் காட்டுகிறார். அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன என்று தொடங்கி, ஈஸ்ட் முறையில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்பதை மணிக்கணக்குப் போட்டு விளக்குகிறார். விளக்கம் முடியும்போது தட்டிலுள்ள மாவு தன் மூச்சில் பாதியை இழந்து தணிந்து கிடக்கிறது. பிறகு சப்பையாக வெளிவரும் ரொட்டியைக் கண்டு, "இந்த மாவு பழசு லா" என்று மாவின்மீது பழியைப் போடுகிறார். ஈஸ்ட் சேர்க்காததால் மிச்சமாகும் நேரம் முழுவதும், அது மிச்சமாவதைப் பற்றிப் பேசுவதிலேயே செலவாகிறது என்பதை வீட்டில் உள்ளோர் எல்லோரும் அறிவர்.

அவ்வறிவில் முதலிடம் பெறுபவர் இவருடைய மனைவி. அதே சமையலறையில், சனிக்கிழமையன்று, அவர் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து இரவு முழுவதும் புளிக்கவிட்டு மறுநாள் காலை இட்டிலி அவிக்கிறார். ஒரு பேச்சும் பேசுவதில்லை. இட்டிலி மாவைப் பொங்கவைப்பவை முதன்மையாக இலாக்டிக் அமில நுண்ணுயிரிகள் என்றாலும், காற்றிலும் தானியத்திலும் இயற்கையாக இருக்கும் ஈஸ்டுகளும் அதில் பங்கேற்கின்றன. ஆகவே, ஈஸ்ட் நுழையாத வீடு என்று இவர் பெருமை பேசும் வீட்டின் குளிர்பெட்டியில், சீஸுக்கு அடுத்த தட்டிலேயே, ஈஸ்ட் உயிரோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. இதை இவரிடம் சொல்ல இதுவரை எவருக்கும் மனம் வரவில்லை.

இவருக்கு ஒரு முன்னோடியும் உண்டு. பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்டு என்னும் வேதியியலாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843இல் ஒருவகைப் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். முட்டையும் அவ்வம்மையாருக்கு ஒத்துக்கொள்ளாததால், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியையும் செய்துவைத்திருந்தார். மனைவிமேல் கொண்ட அன்பே இந்த ரொட்டியின் தொடக்கம் என்று விருந்தினர் முன்னிலையில் இவர் இவ்வரலாற்றைச் சொல்லி முடிக்கும்போது, தேநீர் கொண்டுவரும் மனைவி, "அவரு பொண்டாட்டிக்கு ஈஸ்ட் ஒத்துக்கல, செஞ்சாரு. எனக்கு ஒத்துக்காதது இந்தப் பேச்சுதான், அதுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறார். வேதியியலில் இதற்கு விடை இல்லை.

சீஸைப் பொறுத்தவரை இவ்வகையினர் இரு பிரிவினர். ஒரு சாரார், தாமான் கடையிலேயே கிடைக்கும் பதப்படுத்திய செடார் கட்டியோடு நிறைவடைபவர்கள். கொழுப்பும் நீரும் பிரியாமல் இருப்பதற்காகச் சில உப்புகள் சேர்த்து உருக்கி வார்க்கப்பட்ட அது, மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகத்தின் சீஸ் நானில் பழகிய நாவுக்கு ஏற்றது. மறுசாரார், நாள்பட முதிர்ந்த அசல் செடாரைச் சிங்கப்பூரிலிருந்தே கொண்டுவருபவர்கள். வார இறுதியில் சிங்கப்பூரர்கள் திரள்திரளாகப் பாலத்தைத் தாண்டி வந்து மலிவென்று ஜொகூரில் சாமான் வாங்கிச் செல்லும்போது, 1 சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்குமேல் கொடுக்கவேண்டிய நிலையில், இவர் மட்டும் எதிர்த்திசையில் சீஸ் சுமக்கிறார். இப்பிரிவினர் ரொட்டித் துண்டை நீட்டும்போது விலையையும் ரிங்கிட்டில் பெருக்கிச் சொல்லுவதால், உண்பவர் அதை விழுங்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவிக்க நேரிடுகிறது.

இவருடைய கொடைத்தன்மை தெருவெங்கும் பேசப்படுவது. ஆயினும் அதற்கும் ஒரு காரணம் உண்டு. சோடாவால் உப்பிய ரொட்டி, நெடுநேரம் புளித்த ரொட்டியைப் போலத் தாங்காது. சூடாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் உண்மையிலேயே நன்றாக இருக்கும் அது, மாலைக்குள் உலரத் தொடங்கி, மறுநாள் காலை கத்தியோடு வாதாடும். ஆகவே அன்றே கொடுத்துத் தீர்ப்பது அறமும் ஆகிறது, அவசியமும் ஆகிறது. சில வாரங்களில் அளவு தவறிச் சோடா மிகுந்துவிட, நடுநிலையாக்கப்படாத காரத்தால் சவர்க்கார வாடை எழும். அவ்வாரங்களில் கொடை இரட்டிப்பாகும்.

கொடையைப் பெறுவோரும் எளியவர்கள் அல்லர். பக்கத்து வீட்டுப் பாட்டி, புரட்டாசி மாதத்தில் முட்டை கூடாது என்று ஒதுக்க, இவர் முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றி மறுவாரம் கொண்டுவருகிறார். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்னும் நொதியால் சில சீஸ்கள் உறையவைக்கப்படுகின்றன என்று பேரன் சொல்லக் கேட்ட பாட்டி, "இதுல கன்னுக்குட்டி வயிறு இருக்காம்ல தம்பி?" என்கிறார். நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதியாலும் சீஸ் செய்யப்படுகிறது என்று உறையைக் காட்டி இவர் அரை மணி நேரம் நிறுவுகிறார். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நுண்ணுயிரும் உயிருதானே?" என்கிறார். ஈஸ்டுக்கு எதிராக இவரே வழக்கமாகச் சொல்லும் வாதம் அது.

இறுதியாகக் கிழமைகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 2014 தொடக்கம் முதல் 2024 இறுதிவரை ஜொகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூரிலோ அது சனியும் ஞாயிறும். தந்தைக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகள் பள்ளியில் இருந்தனர். பிள்ளைகளுக்கு ஓய்வான வெள்ளிக்கிழமையில் தந்தை பாலத்தில் இருந்தார். குடும்பம் முழுவதும் ஒன்றாக வீட்டில் இருந்தது சனிக்கிழமை ஒன்றில் மட்டுமே என்பதாலேயே ரொட்டியும் சனிக்கிழமைக்கு உரியதாயிற்று. 2025 ஜனவரி 1ஆம் நாள் முதல் ஜொகூரும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டதால், இவருக்கு இப்போது வாரத்தில் இரண்டு ரொட்டி நாள்கள் கிடைத்துள்ளன. மாற்றத்தை வரவேற்ற தாமான்வாசிகள் இக்கோணத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

அத்தகைய தாமான் ஒன்றில் புதிதாகக் குடியேறும் வாசகர் அறியவேண்டியது இவ்வளவே: வார இறுதிப் பிற்பகலில் வாசற்கதவு தட்டப்பட்டு, வெளியே அரைக்கால் சட்டையும் அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலமுமாக ஒருவர் நின்றால், சூடாக இருக்கிறதா என்பதைமட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம்; எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது.