நீச்சல் பாக்கி

அன்புள்ள தாத்தாவுக்கு,



அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்வி வந்து சேர்ந்தது. "கம்ப்யூட்டர் படிக்கப் போனவளுக்கு நீச்சல் என்ன வேண்டிக்கிடக்கு? அதுவும் சிவப்பு எழுத்துல?" போனில் பதில் சொன்னால் பாதி உங்கள் காதில் விழாது, மீதியை அத்தை தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுவாள். அதனால்தான் கடிதம். சித்தப்பா பிரிண்ட் எடுத்துத் தருவார். எழுத்தைப் பெரிதாகவே வைத்திருக்கிறேன், பூதக்கண்ணாடியைத் தேட வேண்டாம்.

முதலில், அது மார்க் ஷீட் இல்லை. பட்டம் வாங்க என்னென்ன முடித்தாக வேண்டும் என்று பல்கலைக்கழகம் காட்டும் ஐந்தொகை. முடித்தது பச்சை, நடப்பது நீலம், பாக்கி சிவப்பு. மொத்தம் 120 கிரெடிட். அத்தனையும் கம்ப்யூட்டர் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதிகூட இல்லை. கம்ப்யூட்டருக்கு நாற்பது சொச்சம், கணக்குக்குப் பதினைந்துக்குக் கொஞ்சம் மேலே. மிச்சமெல்லாம் மனுஷியாவதற்காம். கட்டுரை எழுதப் பழக வேண்டும், வரலாறு படிக்க வேண்டும், ஏதாவது ஒரு கலை வேண்டும், லேபுடன் அறிவியல் வேண்டும், இன்னொரு மொழி தெரிந்திருக்க வேண்டும், உடம்பை வளைக்க வேண்டும்.

லேப் அறிவியலுக்கு நான் நிலவியல் எடுத்தேன். இயற்பியல் வகுப்பு காலை எட்டு மணிக்கு. பனியில் எட்டு மணி என்பது நடுச்சாமம். நிலவியலில் கையில் ஒரு கல்லைக் கொடுத்து அமிலம் ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். நுரைக்காவிட்டால் அடுத்த கல். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டால், சிலிக்கான் மண்ணிலிருந்துதானே வருகிறது என்று சொல்லிச் சமாளியுங்கள்.

மொழி விஷயம் இன்னும் வேடிக்கை. இங்கிலீஷ் அல்லாத மொழி ஒன்று தெரியும் என்று நிரூபித்தால் மூன்று செமஸ்டர் பாடம் மிச்சம். எனக்குத் தமிழ் தெரியும் என்றேன். "சோதிப்பதற்கு இங்கே யாரும் இல்லையே" என்றார்கள். பெர்க்லியில் தமிழுக்குப் பேராசிரியர் உண்டு, சிகாகோவில் பாடமே நடக்கிறது. நான் இருக்கும் இந்த ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் நானும், கணக்குத் துறையில் ஆராய்ச்சி செய்யும் மதுரை அண்ணனும்தான். அண்ணன் சாட்சி சொல்ல முன்வந்தார். செல்லாது என்றுவிட்டார்கள். கடைசியில் பிளஸ் டூ மார்க் ஷீட்டை நீட்டினேன். தமிழில் 97. அந்த மூன்று மார்க் எங்கே போயிற்று என்று நீங்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்தீர்களே, அதே 97. அலுவலகத்து அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்ற பாவனையில் புருவத்தை உயர்த்தி முத்திரை குத்தினாள். அந்த மதிப்பெண்ணுக்காக என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது நீச்சல்.

எங்கள் பல்கலைக்கழகம் மட்டும் செய்யும் கூத்து என்று நினைக்காதீர்கள். எம்ஐடியிலேயே 100 கெஜம் நீந்திக் காட்ட வேண்டும். கார்னெல்லில் 75 கெஜம். எங்களுக்கு 50 கெஜமும், ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே மிதப்பதும். கிரெடிட் பூஜ்யம். மார்க் கிடையாது. ஆனால் அது இல்லாமல் பட்டம் கிடையாது.

ஏன் இந்த விதி என்று விசாரித்தால் எல்லோரும் ஒரு கதை சொல்கிறார்கள். 1912இல் டைட்டானிக் கப்பலில் மூழ்கிப்போன ஹாரி வைட்னர் என்ற பையனின் தாயார், ஹார்வர்டுக்கு நூலகம் கட்டப் பணம் கொடுத்தபோது, படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் நீச்சல் கற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாராம். நூலகம் நிஜம், இன்றைக்கும் நிற்கிறது. நிபந்தனை கட்டுக்கதை. கதைப்படியே பார்த்தாலும், ஏப்ரல் மாத அட்லாண்டிக் பனித்தண்ணீரில் நீச்சல் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் நம்மூர்த் தல புராணம் மாதிரி, கோயில் இருக்கிறது அல்லவா, அதனால் கதையும் இருக்கிறது.

நியூயார்க்கில் கொலம்பியாவிலும் ரொம்ப காலம் இந்தத் தேர்வு இருந்தது. அங்கே கலைப் பிரிவுப் பிள்ளைகள்தான் நீந்த வேண்டியிருந்தது. பொறியியல் பிள்ளைகளுக்கு விலக்கு. எதிரி வந்து மன்ஹாட்டன் தீவை வளைத்துக்கொண்டால் மற்றவர்கள் நீந்தித் தப்பிப்பார்கள், பொறியாளர்கள் பாலம் கட்டிக்கொள்வார்கள் என்று அதற்கு ஒரு விளக்கம். எனக்கும் விலக்கு கேட்டு எழுதிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஆனால் கம்ப்யூட்டர்காரி எதிரி வந்தால் என்ன செய்வாள்? பாஸ்வேர்டை மாற்றுவாள்.

கம்ப்யூட்டர் படிப்புக்கு நீச்சல் எப்போதாவது இருந்ததா என்றும் தேடிப் பார்த்தேன். 1968இல் ஏசிஎம் என்ற கணினி அறிஞர்களின் சங்கம் இந்தப் படிப்புக்கென்று முதன்முதலாக முழுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. நூலகத்தில் எடுத்துப் புரட்டினேன். உங்களுக்குப் பிடிக்கும், கணக்கு நிறைய. நீச்சலைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தேர்வில் தேறாதவர்களுக்கென்று வகுப்பு உண்டு. வாரம் இரண்டு நாள். குளம் கட்டடத்துக்குள்ளே, தண்ணீர் வெதுவெதுப்பாக, குளோரின் வாடை. உடை முழங்கால் வரை இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடவும். என்னோடு மங்கோலியாப் பையன் ஒருவன், அவன் நாட்டுக்குக் கடலே கிடையாது. அரிசோனாப் பாலைவனத்துப் பெண் ஒருத்தி. இவர்களுக்கெல்லாம் நியாயமான காரணம் இருக்கிறது. என் முறை வந்ததும் பயிற்சியாளர் அம்மாள், எழுபதை நெருங்குகிறவள், "உங்கள் ஊரில் ஆறு குளம் கிடையாதா?" என்று கேட்டாள். திருவையாறு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. ஐந்து ஆறு ஓடுகிற ஊர்க்காரிக்கு நீச்சல் தெரியாது என்றால் எந்த ஊரில் நம்புவார்கள்?

இதற்குப் பொறுப்பாளி நீங்கள்தான் தாத்தா. ஜூன் 12 மேட்டூர் திறந்து நம் பக்கம் தண்ணீர் வந்ததும் அண்ணனையும் கார்த்தியையும் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டீர்கள். என்னைப் படித்துறையில் துண்டுகளுக்குக் காவல் வைத்தீர்கள். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு?" என்று ஒரு கேள்வி. அதற்கான பதில் இப்போது சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அண்ணன் ஒரு மூச்சில் 50 கெஜம் போவான். அவனோ பி.காம்.; அவனிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

வகுப்பு விவரம் சொல்கிறேன். மல்லாந்து மிதப்பது வந்துவிட்டது. காதுக்குள் தண்ணீர் போனதும் வெளிச்சத்தம் எல்லாம் அடங்கிவிடுகிறது. அப்போது கண்ணை மூடினால், சொன்னால் சிரிப்பீர்கள், தலைக்கு மேலே இருப்பது தகரக் கூரையா, நம்ம படித்துறை அரசமரமா என்று ஒரு குழப்பம் வருகிறது. போன வாரம் அப்படியே மிதந்து மிதந்து அடுத்த பாதையில் போய், நீந்திக்கொண்டிருந்த ஒரு பொருளாதாரப் பேராசிரியரின் மேல் மோதினேன். அவர்தான் மன்னிப்புக் கேட்டார். இங்கே அப்படித்தான், யார் மோதினாலும் இருவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். குப்புற நீந்தும்போதுதான் கஷ்டம்: மூச்சு விட வேண்டிய நேரத்தில் இழுக்கிறேன். பயிற்சியாளர் அம்மாள் கையில் ஒரு நீளக் கழி இருக்கிறது. கழியைப் பிடிக்காமல் மறு கரை சேர்ந்துவிட்டேன். திரும்பி வரும் கரைதான் பாக்கி. டிசம்பரில் தேர்வு.

சரி, சிரித்தது போதும். கார்த்தி சிரிக்கிறானாமே, அவனிடம் இதைச் சொல்லுங்கள். அவனும் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான். அவன் முதல் வருஷத்தில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்து, சாய்ந்து நிற்கும் கூம்பை மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைந்ததற்கும், என் நீச்சலுக்கும் என்ன வித்தியாசம்? இஞ்சினியரிங் கிராஃபிக்ஸில் வைத்த அரியரை அவன் எப்போது முடித்தான் என்றும் கேளுங்கள். இப்போது வருகிற பிள்ளைகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழர் மரபும் பாடமாம். கேட்டபோது பொறாமையாக இருந்தது. அதில் எனக்கு 97 வந்திருக்காது, முழுசாக வந்திருக்கும்.

உண்மையான கம்ப்யூட்டர் பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்கிரீட் மாத்தமேட்டிக்ஸில் வகுப்பிலேயே முதல் மார்க். ஒரு வட்டத்தில் எட்டுப் பேரை எத்தனை விதமாக உட்கார வைக்கலாம் என்று பேராசிரியர் பலகையில் எழுதி முடிப்பதற்குள் 5,040 என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திண்ணையில் வட்டமாக இலை போட்டு நீங்கள் சொல்லித்தந்த கணக்கு என்று அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? அடக்கமாக உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப அடக்கம் இல்லை.

அல்காரிதம் பாடத்தில் ஒரு அருமையான விஷயம் உண்டு. இந்த வேலை முடிந்தால்தான் அந்த வேலை என்று சிக்கலாகக் கோர்த்துக்கிடக்கும் வேலைகளை வரிசைப்படுத்த 1962இல் ஆர்தர் கான் என்பவர் வெளியிட்ட ஒரு வழி. எதையும் எதிர்பார்க்காமல் நிற்கும் வேலையை முதலில் எடுக்க வேண்டும். அதை முடித்ததும், அதற்காகக் காத்திருந்தவற்றில் எது விடுபட்டது என்று பார்த்து அதை எடுக்க வேண்டும். இப்படியே போனால் வரிசை தானாக வந்துவிடும். இதற்குப் பல புத்தகங்களில் கொடுக்கும் உதாரணம் என்ன தெரியுமா? கல்லூரிப் பாடங்கள்! எதைப் படித்தபின் எதைப் படிப்பது என்று. ஆனால் அந்தப் பாடம் வருவதோ மூன்றாம் வருஷம். முதல் வருஷமே சொல்லித்தந்திருந்தால் உருப்பட்டிருப்போம்.

என் பாடங்களைப் போட்டு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். டிஸ்கிரீட் முடித்தால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதற்குப் பின் ஆர்க்கிடெக்சர், அதற்குப் பின் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், அது முடிந்தால்தான் கடைசி வருஷ ப்ராஜெக்ட். எட்டே செமஸ்டரில் அழகாக உட்கார்ந்தது. புரோகிராமில் நான் சேர்க்காத ஒன்று, வகுப்பில் இடம் இருக்கிறதா என்பது.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் வருஷத்துக்கு ஒரு முறை, ஆகஸ்டில்தான் தொடங்கும். பதிவு தொடங்கிய சில நிமிடத்தில் நிரம்பிவிட்டது. மேல் வகுப்பு மாணவர்களுக்கு முதலில் திறக்கிறார்கள்; எங்களுக்குத் திறந்தபோது வெயிட்டிங் லிஸ்ட். ஆர்ஏசி கிடையாது, ஏறிய பிறகு டிடிஆரைப் பார்த்துப் பேசவும் வழியில்லை. கம்ப்யூட்டர் படிப்பென்று சொல்லி எங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, கம்ப்யூட்டர் பாடத்துக்கு நாற்காலி போடத் தெரியவில்லை. இதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை தாத்தா. ஒரு பாடத்துக்கு நான் இங்கே கட்டுகிற பணத்தில், கவுன்சிலிங்கில் சேர்ந்த கார்த்தி நாலு வருஷத்தையும் முடித்துவிட்டு வந்திருப்பான்.

அத்தோடு விடவில்லை. விசா சட்டப்படி செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். இடம் கிடைக்காத பாடத்துக்குப் பதில், எதில் காலியோ அதில் உட்கார வேண்டும். களிமண் வகுப்பில் இடம் இருந்தது. வாரம் இரண்டு நாள் சக்கரத்தில் மண் வனைகிறேன். கலைக்கென்று இருந்த சிவப்பு அதில் நீலமாகிவிட்டது, அது லாபம். ஆனால் எட்டாயிரம் மைல் தள்ளி வந்து நான் பானை செய்வது அத்தைக்குத் தெரிய வேண்டாம். பானை என்று சொல்வதுகூட அதிகம். இதுவரை நேராக நின்றது ஒரே ஒரு அகல் விளக்கு. கார்த்திகைக்கு அதைத்தான் ஏற்றப் போகிறேன். விடுதியில் தீ அலாரம் அடிக்கும் என்பதால் திரி இல்லாமல், பேட்டரி விளக்கை உள்ளே வைத்து.

1936இல் ஆலன் டூரிங் ஒன்றை நிரூபித்தார். ஒரு புரோகிராமைக் கையில் கொடுத்தால், அது ஓடி முடியுமா அல்லது முடியாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடும் பொதுவான வழி எதுவும் கிடையாது என்று. என் படிப்பைப் பற்றி அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கும் கேள்வியும் அதுதான்.

ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆகஸ்டில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் கிடைத்துவிடும். அதற்குப் பின் ப்ராஜெக்ட் இரண்டு செமஸ்டர். கூட்டிப் பாருங்கள், எட்டு செமஸ்டரில் அடங்காது, ஒன்று கூடும். விசாவுக்கான ஐ-20 என்ற படிவத்தை நீட்டிக்க வேண்டுமானால், அந்தச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கியிலிருந்து ஒரு காகிதம் வேண்டும். அப்பாதான் வாங்கித் தர வேண்டும். நான் போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே அம்மா கையில் போனைக் கொடுத்துவிடுவார்.

நீங்கள் சொல்லுங்கள். காலையில் வேண்டாம், இரண்டாவது காபிக்கு அப்புறம். முதலில் தமிழ் விலக்கைச் சொல்லுங்கள், மூன்று செமஸ்டர் மொழிப்பாடத்துக்கான பணம் மிச்சம் என்று. தொகையை நான் தனியே எழுதி வைத்திருக்கிறேன், பின்னால் பாருங்கள். பிறகு டிஸ்கிரீட் முதல் மார்க். பட்டம் வந்தால் இங்கேயே ஒரு வருஷமும், கம்ப்யூட்டர் படிப்பென்பதால் மேற்கொண்டு இரண்டு வருஷமும் வேலை பார்க்க அனுமதி உண்டு என்பதையும் போகிற போக்கில் போட்டுவையுங்கள். அப்பா முகம் தெளிந்த பிறகு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது. ஒன்று முடிந்த பின்தான் அடுத்தது. களிமண்ணைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பேத்தி

பி.கு.: மதுரை அண்ணனின் அம்மா டிசம்பரில் வருகிறார். மோர்மிளகாய் மட்டும் கொடுத்தனுப்பினால் போதும். ஊறுகாய் பாட்டில் வேண்டவே வேண்டாம். போன தடவை அது பெட்டிக்குள் உடைந்து, அண்ணனின் ஆராய்ச்சிக் காகிதங்கள் இன்னும் பெருங்காய வாடை அடிக்கின்றன.