பத்து வருஷ விசாக்காரர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கடல் கடந்த தேசங்களுக்கு அனுப்பிவிட்டு, இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் வங்கியில் வட்டியின் விகிதத்தையும் ஒரே கவலையோடு கவனித்துக்கொண்டு மயிலாப்பூரிலோ அடையாறிலோ காலங்கழிக்கும் கனவான்களுக்குள்ளே, பத்து வருஷ விசாக்காரர் என்று ஒரு தனி வர்க்கத்தார் உண்டு. இவரை அடையாளங் கண்டுகொள்வது வெகு சுலபம். பேரன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். "நல்லா இருக்கான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இந்தத் தடவை எத்தனை நாள் இருந்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டாலோ, நாகேஸ்வரராவ் பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றி முடித்தாலும் பதில் முடிவு பெறாது.

அமெரிக்கக்காரன் பத்து வருஷத்துக்கு விசா கொடுக்கிறான் என்றதும் பத்து வருஷமும் அங்கே காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம் என்று எண்ணும் புதியவர்களைக் கண்டால் அவருக்கு உண்டாகும் இரக்கம் சொல்லி முடியாது. "சார், அது கதவைத் தட்டறதுக்குக் குடுத்த அனுமதிதான். உள்ளே எத்தனை நாள்னு அங்க ஏர்போர்ட்ல உட்கார்ந்திருக்கிற ஆபீசர்தான் சொல்லணும். சாதாரணமா ஆறு மாசம் போடுவான்" என்று அவர் ஆரம்பித்தால், ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்து வாசலில் நின்ற வரிசை, வீட்டுப் பட்டா முதல் வைப்புநிதி ரசீது வரையில் சுமந்துகொண்டு போன தடித்த கோப்பு, அதில் ஒரு காகிதத்தைக்கூடத் திரும்பிப் பாராமல் "மகன் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவைத்த கண்ணாடிக்குப் பின்னிருந்த இளைஞன் ஆகிய யாவும் கிரமமாக வந்து சேரும். அந்தக் கோப்பு பார்க்கப்படவில்லையே என்ற மனக்குறை அவருக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றல்ல, இரண்டு. காலாவதியாகி, மூலை கத்தரிக்கப்பட்டு, ரத்து முத்திரையும் வாங்கிக்கொண்ட பழைய புத்தகம், ஆயுள் முடியாத அமெரிக்க விசாவைத் தன் வயிற்றில் தாங்கியிருக்கும் ஒரே காரணத்தினால், புத்தம் புதிய புத்தகத்தின் முதுகோடு முதுகாக மஞ்சள் ரப்பர் பாண்டினால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த ரப்பர் பாண்டைத் தொட வீட்டில் ஒருவருக்கும் அதிகாரமில்லை.

தமக்குப் பிரயோசனப்படும் தேசங்களோடு மட்டும் நின்றுவிட்டால் அவரை ஒரு சாதாரணத் தகப்பனார் என்றே தள்ளிவிடலாம். அவருடைய ஞானம் பரோபகாரமானது. மூன்றாவது மாடி அம்மாளின் பெண் ஜெர்மனியில் இருக்கிறாள் என்பதற்காக, ஐரோப்பாவில் உறவென்று ஒருவரும் இல்லாத இவர், ஷெங்கன் கணக்கைத் தலைகீழாகப் பாடம் செய்திருக்கிறார். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. இறங்கிய தினமும் ஏறிய தினமும் கணக்கில் சேர்த்தி. அந்த 180 நாளோ ஓரிடத்தில் நில்லாமல் தினந்தோறும் ஒரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். ராகுகாலம் பார்ப்பதற்கென்று மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு அவர் விளக்கியபோது, அந்த அம்மாள் பெண்ணையே இங்கே வரச் சொல்லிவிடுவது உசிதம் என்ற முடிவுக்கு வந்ததாகக் கேள்வி. "ரெண்டு தடவை ஒழுங்கா போயிட்டு வந்தா, 2024-லேர்ந்து ரெண்டு வருஷ விசா, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம்" என்று அவர் எவ்வளவோ ஆசை காட்டியும் பயனில்லை.

பிரிட்டன் விஷயத்தில் அவருடைய அபிப்பிராயம் சற்றுக் கசப்பானது. ஆறு மாத விசா, இரண்டு வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று நான்கு தினுசு உண்டு. எதை வாங்கினாலும் ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. பத்து வருஷத்துக்குப் பணங் கட்டிக் கேட்டால், அவர்கள் மனசுக்குத் தோன்றியபடி இரண்டு வருஷம் கொடுத்து அனுப்பலாம். மீதிப் பணம் திரும்பி வராது. இருநூறு வருஷம் இங்கே இருந்தவர்களுக்கு நாம் என்ன விசா கேட்டோம் என்று இந்தக் கட்டத்தில் அவர் கேட்பது வழக்கம். கூட நடப்பவர்களும் சிரிப்பது வழக்கம்.

இவ்வளவு சாஸ்திரமும் எதற்கு என்றால், அதன் அடியிலே எந்தத் தூதரகமும் அச்சிட்டு வெளியிடாத ஒரு விதி கிடக்கிறது. அது சம்பந்தி விதி. அமெரிக்காவில் எடிசன் நகரத்தில் மூத்த மகன் வீட்டுக் குழந்தையை வருஷம் முழுவதும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவர்களுக்கு ஆறு மாதம், சம்பந்தி வீட்டாருக்கு ஆறு மாதம். ஒரு ஜோடி ஊறுகாயோடு போய் இறங்க, மற்றொரு ஜோடி பாதாம் பருப்போடு கிளம்பிவரும். யார் அதிகம் இருந்தார்கள், யார் குறைவாக இருந்தார்கள் என்ற விவகாரத்துக்கே இடமில்லை. ஆறு மாதம் என்று வரையறுத்த அமெரிக்க அதிகாரி எவரோ, அவருக்கும் நிச்சயமாக ஒரு சம்பந்தி இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

இந்தச் சமாதானத்தைக் குலைக்க வந்தது கனடா. அங்கே டொரான்டோவில் இளைய மகன் இருக்கிறான். அந்தத் தேசத்தார் 2011-லேயே, குடியேறியவர்களின் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் என்று சூப்பர் விசா ஒன்றை ஏற்படுத்தி, ஒரு தடவை போனால் இரண்டு வருஷம் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். 2022 ஜூலையிலே அதை ஐந்து வருஷமாக நீட்டி மேலும் உபகாரம் செய்தார்கள். மகனுக்கு இன்ன வருமானம் இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் வேண்டும். அவர்கள் குறிப்பிட்ட டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாமல் ஒரு வருஷக் காப்பீடு வேண்டும். அந்தக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிச் செலவோடு, தாயகத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அடங்கும் என்று அவர் வாசித்துக் காட்டியபோது, வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய தர்மபத்தினி தலை நிமிராமல், "உயிரோடயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

பூங்காவில் சூப்பர் விசாவுக்கு அவரைப் போன்ற பிரசாரகர் கிடையாது. சாதாரண விசாவில் வழக்கமாக ஆறு மாதந்தானே, ஐந்து வருஷத்தை யார் விடுவார்கள், இன்றைக்கே பிள்ளைக்கு ஃபோன் போடுங்கள் என்று அவர் விரட்டியதன் பலனாக இரண்டு தம்பதிகள் இப்போது கனடாவில் பனி வாரிக்கொண்டிருக்கிறார்கள். தமக்கு மட்டும் ஏனோ அவர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

காரணத்தை அவராகச் சொல்லமாட்டார். யூகித்துத்தான் அறிய வேண்டும். ஆறாவது மாதத்தில், பேச ஆளில்லாத பகற்பொழுதும், மருமகள் சமையலறையில் தனக்குரிய இடத்தைத் திரும்பப் பெற விரும்பும் பதவிசும், நாளிதழ் இல்லாத காலைக் காப்பியும் ஒன்றுசேர்ந்து நெஞ்சை அழுத்தும்போது, "என்னடா பண்றது, அவன் அவ்வளவுதானே குடுத்திருக்கான்" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டுவதில் எவ்வளவு கௌரவம் இருக்கிறது! மகன் மனம் நோகாது, மருமகள் மீது பழி வராது, குற்றமெல்லாம் முகந்தெரியாத ஓர் அதிகாரியின் தலையில் போய்விடும். ஐந்து வருஷம் இருக்கலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டால், ஐந்தாவது மாதத்தில் ஊருக்குக் கிளம்புகிற மனிதன் என்ன சாக்குச் சொல்வான்? நவம்பர் மாதத்தில் நேரில் போய் உயிரோடிருக்கிறேன் என்று அத்தாட்சி கொடுத்தாலொழியப் பென்ஷன் நின்றுவிடும் என்ற பிரம்மாஸ்திரம் ஒன்று முன்பு கைவசம் இருந்தது. அதைக்கூட இப்போது செல்ஃபோனுக்கு முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம் என்று மகன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான்.

இதற்கிடையில் இளைய மகன் அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டான்; வருமானக் கணக்கு வந்துவிட்டது; காப்பீட்டுக்கு விலை விசாரித்தாகிவிட்டது. பாக்கி இருப்பது டாக்டரிடம் போவது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகன், "அப்பா, மெடிக்கலுக்கு எப்ப போறீங்க?" என்று கேட்டான்.

"ஆடி கழியட்டும்டா, ஆவணியில நல்ல நாள் பார்த்துப் போறேன்" என்றார் இவர்.

அப்போது சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்கினி நட்சத்திரங்கூட ஆரம்பமாகவில்லை.