வெளியே போகாத கடிதம்

தொண்ணூறுகளில் கல்லூரி ஆய்வுக்கூடத்து யூனிக்ஸில் 'மெயில்' என்று தட்டினால், அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் இன்னொருவனுக்குத்தான் கடிதம் போகும். வெளித்தொடர்பு கிடையாது. "பக்கத்துல இருக்கவனுக்கு எதுக்குலே லெட்டரு?" என்பான் நண்பன். எங்கள் ஏக்கமெல்லாம் கடல் தாண்டி ஒரு வரியாவது அனுப்புவதில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும் அது பெருநகரத்துச் சமாச்சாரம். எங்கள் ஊரான பனவடலிசத்திரத்தில் வெளியூருக்குப் பேசவே எஸ்டிடி பூத்துக்குப் போக வேண்டியிருந்தது.

மின்னஞ்சல் பிறந்ததே ஒரு கணினிக்குள்தான் என்பது பின்னால் படித்துத் தெரிந்தது. 1965இல் எம்ஐடியில் டாம் வான் வ்ளெக்கும் நோயல் மாரிஸும் எழுதிய நிரல், ஒரே கணினியைப் பங்கிட்டவர்களுக்குள் செய்தி வைத்தது. 1971இல்தான் ரே டாம்லின்சன் செய்தியை அடுத்த கணினிக்கு அனுப்பினார்.

இன்று ஃபைபர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஊரில் இருந்தபடியே எங்கெங்கோ உள்ள சர்வர்களைப் பராமரிக்கிறேன். புதிய சர்வர் கைக்கு வந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவி, 'லோக்கல் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். கடல் தாண்டும் வழி திறந்தே கிடக்க, அதை நானே அடைக்கிறேன்.

"வெளிய மெயிலே போகாதுன்னா எதுக்கு அண்ணாச்சி இது?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான்.

சர்வர் நமக்கு எழுதும் கடிதங்களுக்காக. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், இரவில் ஒரு வேலை ஏதாவது சொல்ல விரும்பினால் அதை அஞ்சலாகத்தான் அனுப்பும். கொண்டுசேர்க்க அஞ்சல் மென்பொருள் (எம்டிஏ) இல்லையென்றால், எம்டிஏ இல்லை என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் சொல்ல வந்ததையே வீசிவிடும். பேக்கப் பல இரவுகளாக எடுபடாமல் போனதை யாரும் அறியாத இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவே ஆறாது.

நிறுவினால் மட்டும் போதாது. கடிதங்கள் 'ரூட்' பெயருக்கு வரும். அந்தப் பெயரில் யாரும் தினமும் உள்ளே வருவதில்லை. ஏலியாசஸ் கோப்பில் ரூட்டுக்கு எதிரே உண்மையான ஆளின் கணக்கை எழுதி, 'நியூஏலியாசஸ்' கட்டளையை ஓட்ட வேண்டும். பிறகு ரூட்டுக்கு ஒரு கடிதம் போட்டு, அது அந்த ஆளின் பெட்டியில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சமீபத்தில் ஒரு சர்வரில் இரட்டை வட்டுகளில் ஒன்று செயலிழந்தது. வட்டுகளைக் கண்காணிக்கும் எம்டிஏடிஎம் அதை ரூட்டுக்கு எழுதியிருந்தது. காலையில் உள்ளே நுழைந்ததும் கடிதம் இருப்பதாகத் திரை சொல்ல, தம்பிதான் முதலில் படித்தான். மற்ற வட்டு நன்றாக இருக்கும்போதே பழுதானதை மாற்றிவிட்டோம்.