முதல்ல லெவல் பார்

1990களின் தொடக்கத்தில், சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு கீபோர்டு புரோகிராமிங் செய்துவந்த ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். கேபிள் சுருட்டுவது, ஃப்ளாப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது எல்லாம் போகப்போக வந்தன. அவர் முதலில் என் கையில் கொடுத்த பொறுப்பு, சாம்ப்ளருக்குள், அதாவது சிறு ஒலித்துண்டுகளைப் பதிந்து கட்டையில் வாசிக்கத் தரும் கருவிக்குள், போகும் ஒலியின் அளவைப் பார்த்து வைப்பது. “முதல்ல லெவல் பாருப்பா, மத்ததெல்லாம் அப்புறம்” என்பார்.

அவரிடம் இருந்தது அகாய் எஸ்950. 1988இல் வந்த 12 பிட் சாம்ப்ளர். வாங்கும்போது அதோடு வந்த நினைவகம் 750 கிலோபைட். தரத்தை உச்சத்தில் வைத்தால் சுமார் 10 விநாடி ஒலி அடங்கும், அதுவும் மோனோவில். டோலக்கின் தனித்தனி அடிகளையும் கடத்தின் தட்டல்களையும் எடுத்துவைக்க அது போதும். முன்பக்கத்தில் பதிவு லெவலுக்கு ஒரு குமிழ். சின்னத் திரையில் லெவல் காட்டும் பட்டை. எங்கள் பொழுதில் பெரும்பகுதி அந்தக் குமிழைத் திருகுவதிலும் பட்டையைப் பார்ப்பதிலும் போயிற்று.

அப்படிப் போனதற்குக் காரணம் இருந்தது. 12 பிட் என்றால் ஒலி அலையை அளக்க 4,096 படிகள். ஒவ்வொரு பிட்டுக்கும் ஏறக்குறைய 6 டெசிபெல் என்று கணக்கிட்டால், பெரிய ஒலிக்கும் இயந்திரத்தின் சொந்த இரைச்சலுக்கும் நடுவே கிடைப்பது 72 டெசிபெல். எதற்கு வம்பு என்று 12 டெசிபெல் குறைத்துப் பதிவு செய்தால் இரண்டு பிட் போய்விடும். மிஞ்சுவது 1,024 படிகள். கடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அதன் ரீங்காரம் மெல்ல மெல்லத் தேயும். உச்சத்திலிருந்து 40 டெசிபெல் இறங்கிய இடத்தில் அந்த ரீங்காரத்தை வரைய நல்ல லெவலிலேயே 40 படிகள்தான் உண்டு. குறைத்து எடுத்திருந்தால் பத்தே படிகள். அந்த இடத்தில் ஒலி வழவழப்பை இழந்து மணல்போல நறநறக்கும். பிறகு எவ்வளவு உயர்த்தினாலும் நறநறப்பும் சேர்ந்தே உயரும்.

சரி, கூட்டி வைத்துவிடலாம் என்றால் அந்தப் பக்கம் சுவர். டேப்பில் பழகியவர்களுக்கு இது புதிது. டேப்பில் அளவு கொஞ்சம் மீறினால் காந்தப் பூச்சு ஒலியை அமுக்கி வாங்கிக்கொள்ளும். பல என்ஜினியர்கள் டிரம்ஸை வேண்டுமென்றே அப்படி ஏற்றிப் பதிவதுண்டு. டிஜிட்டலில் கடைசிப் படியைத் தாண்டிய அலை தட்டையாக வெட்டுப்படும். கன்சோலில் இருந்த வி.யு. மீட்டரும் இதில் உதவாது. அதன் ஊசி ஒலியின் சராசரியைக் காட்டுவது. நிலையான ஒலி வந்தால்கூட அதன் அளவை எட்ட 300 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். டோலக் தோலில் விரல் படும் கணமோ சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும். ஊசி அசையத் தொடங்கும்போது உச்சம் வந்து போய்விட்டிருக்கும்.

ஆகவே மீட்டரை விட வாசிப்பவரைத் தெரிந்துகொள்வது முக்கியமாயிற்று. லெவல் பார்க்க அடிக்கச் சொன்னால் யாரும் அடக்கமாகத்தான் அடிப்பார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் கை தானாக உரக்கும். என் ஆசான் டோலக்காரரிடம் இப்படித்தான் கேட்பார்: “அண்ணே, செக்கிங்குக்கு அடிக்கிற மாதிரி வேணாம். பாட்டுல சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்புறப்ப ஒண்ணு வைப்பீங்கல்ல, அதை அடிங்க.” அவர் சிரித்துக்கொண்டே ஓங்கி ஒன்று வைப்பார். அதற்குக் குமிழைத் திருப்பி, அதன் மேல் சின்ன இடைவெளி விட்டு நிறுத்துவோம். அடுத்து, “இப்ப இருக்கறதுலயே மெதுவா ஒண்ணு.” அந்த மெல்லிய அடிக்குத் தனியாக லெவலை உயர்த்தி வேறொரு சாம்பிளாக எடுப்போம். பலத்த அடியின் லெவலிலேயே மெல்லியதையும் எடுத்தால் அதற்குப் படிகள் மிஞ்சாது.

இதோடு இன்னொன்றும் பின்னிக்கிடந்தது. உள்ளே வரும் ஒலி நாம் குறித்த அளவைத் தாண்டியதும் சாம்ப்ளர் தானே பதிவைத் தொடங்கும். அந்த அளவைத் தாழ்த்தி வைத்தால் நாற்காலி முனகினாலும் பதிவு ஓடிவிடும். உயர்த்தி வைத்தால் மெல்லிய அடியின் முனை வெட்டுப்பட்டு, தோலில் விரல் பட்ட உணர்வே போய்விடும். லெவலைத் தொட்டால் இதையும் மாற்ற வேண்டும். இதை மாற்றினால் திரும்பவும் அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இத்தனை கவனத்துக்கும் இன்னொரு காரணம், சாம்பிளின் ஆயுள். டேப்பில் ஒரு அடி கெட்டால் கெட்டது அந்த ஒரு அடி. சாம்பிளில் கெட்டால் அந்தக் கட்டையை அழுத்தும்போதெல்லாம் அதே கெடுதல் திரும்ப வரும். பாட்டு முழுக்க வரும். ஃப்ளாப்பியில் ஏறி அடுத்த ஸ்டூடியோவுக்கும் அடுத்த படத்துக்கும் போகும்.

குறைந்த பிட்டிலும் நினைவகத்திலும் சமாளிக்கும் இதே சிக்கனம் உலகின் வேறொரு மூலையில் ஒரு ரசனையாகவே வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் ஈ-மு நிறுவனம் 1987இல் கொண்டுவந்த எஸ்பி-1200 கருவியிலும் 12 பிட்தான்; மொத்தமே 10 விநாடி. பீட் ராக் போன்ற நியூயார்க் ஹிப்-ஹாப் கலைஞர்கள் அதை வைத்து ஒரு காலத்தின் தாளத்தையே அமைத்தார்கள். 33 வேக இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிவு செய்து, கருவிக்குள் மறுபடி தாழ்த்தி, நேரத்தை மிச்சப்படுத்தினார்கள். அதில் ஒலி மேலும் கரடானது. அந்தக் கரடு டிரம்ஸுக்கு உடம்பு கொடுத்தது. எஸ்பி-1200ஐ வடிவமைத்தவர்களில் ஒருவரான டேவ் ரோஸம் 2021இல் அந்தக் கருவிக்கு மறுபிறவி கொடுத்திருக்கிறார். அந்த ஹிப்-ஹாப் காதுகளை நான் மதிக்கிறேன். எங்கள் தேவை வேறு. கடத்தின் மண் மணம் மாறாமல் உள்ளே போக வேண்டும் என்பது.

இன்று என்னோடு வேலை செய்யும் தம்பி லேப்டாப்பில் 24 பிட்டில் பதிவு செய்கிறான். கணக்குப்படி 1,67,77,216 படிகள். ஒலியை எண்ணாக மாற்றும் நல்ல கன்வர்ட்டர்கள் நடைமுறையில் 120 டெசிபெல் அளவுக்குத் தருகின்றன. உச்சத்துக்குக் கீழே 18 டெசிபெல் விட்டுப் பதிவு செய்தாலும் ஒரு சிடியின் 96 டெசிபெலுக்கு மேலேயே மிஞ்சும். பட்டையின் உச்சியைத் தொட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் இன்னும் ஒரு படி மேல். 2019இல் வந்த ஜூம் எஃப்6 போன்றவற்றில் வெவ்வேறு கெயினில் (ஒலியைப் பெருக்கும் அளவில்) இரண்டு கன்வர்ட்டர்கள் சேர்ந்து உழைக்கின்றன. கெயினைத் தொடவே வேண்டியதில்லை. “எடிட்ல பாத்துக்கலாம்ணா” என்று அவன் சொல்வது உண்மைதான்.

இதை முழு மனதோடு வரவேற்கிறேன். திருவிழாவில் சுவாமி புறப்படும்போது தவில்காரரிடம் போய் “ஒரு தடவை பலமா அடிங்க, லெவல் பாக்கணும்” என்று கேட்க முடியுமா? அங்கே முதல் அடியே டேக். அந்த அடி வெட்டுப்படாமல் கிடைக்கிறது என்றால் அது இசைக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. ஸ்டூடியோவிலும் வாசிப்பவர் இயந்திரத்துக்குப் பயந்து கையை அடக்க வேண்டியதில்லை.

ஆனால் லெவல் பார்த்தபோது நாங்கள் லெவலை மட்டும் பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லிக் கேட்டதில்தான் மைக்கைச் சற்றே திருப்பினால் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், இன்னும் ஆழமாகப் பேசும் என்று தெரிந்தது. டோலக்கின் வளையம் கிலுகிலுப்பது காதில் விழுந்தது. இந்தக் கலைஞரின் மெல்லிய அடியில்தான் அழகு இருக்கிறது, பாட்டுக்கு வேண்டியது அதுவே என்ற முடிவு அங்கேதான் பிறந்தது. தவறாக வைத்த மைக்கை 32 பிட் திருத்தாது. மைக்கே தாங்காத சத்தத்தை அது மீட்டுத் தராது. ஏசியின் இரைச்சலும் அப்படியே இருக்கும்.

அதனால் புதிதாகப் பதிவு செய்ய வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். குமிழைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது முடிந்துபோன சிரமம். பதிவுக்கு முன் கலைஞரிடம் அவருடைய பலத்த அடியையும் மெல்லிய அடியையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள், மைக்கை நகர்த்துங்கள், மறுபடி கேளுங்கள். எந்த அடி பாட்டைத் தூக்கப்போகிறது என்று அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அன்று இயந்திரம் எங்களைக் கட்டாயப்படுத்தியது. இனி அதை நீங்களாக விரும்பிச் செய்ய வேண்டும்.